கூரைக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு கைகூப்பும் பொம்மையை மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். கூடப் படித்தவர்கள் ஊகித்துவிடுவீர்கள், ஊகித்தாலும் இங்கே எழுதாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடைசி வரை ஒப்பிக்காமலே தப்பித்தவன். இன்று கணக்கில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து டியூஷன் எடுக்கிறான். வாடகை கட்டி மாளவில்லை என்று சொந்த வீட்டு மாடியிலேயே கொட்டகை போட்டுவிட்டானாம். "சாதா தகரம் இல்ல டீச்சர், பேனல். உள்ள உக்காந்தா ஏ.சி. மாதிரி இருக்கும். நீங்கதான் வந்து விளக்கேத்தணும்" என்று தாம்பூலத் தட்டோடு அழைத்தான். எனக்கும் பெருமைதான். அன்றைக்கே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இந்தக் கூரைக்குக் கீழே நான் விளக்கேற்ற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளை முகம் வாடிப்போனது. அவன் அம்மா போன் போட்டு, "டீச்சருக்கு எங்க மேல என்ன வருத்தம்?" என்று கேட்டார். வருத்தம் எதுவும் இல்லை. காரணம் இருக்கிறது. அதை அவனுக்கு மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் இந்தப் பேனல் இப்போது நம் ஊரில் மாடிக்கு மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. என் தம்பி மகன் மாடியில் ஒரு அறை போடப் போகிறேன் என்கிறான். நாகல் நகரில் ஒரு மாணவி தையல் யூனிட்டுக்குப் போடலாமா என்று கேட்கிறாள். எல்லோருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டுமே வர்ணம் பூசிய இரும்புத் தகடுதான், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நடுவில் நுரை. பூரண போளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30, 40, 50, 80, 100 மி.மீ. தடிமன்களில் வருகிறது. இரும்புச் சட்டம் அடித்து, மேலே தூக்கி வைத்து, திருகு முடுக்கினால் இரண்டு மூன்று நாளில் கூரை முடிந்துவிடுகிறது. சென்ட்ரிங் இல்லை, ஜல்லி இல்லை, தண்ணீர் விட்டு ஊறப்போடும் வேலையும் இல்லை.

அது வெயிலைத் தடுப்பது உண்மை. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். நுரைக்குள் லட்சக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாயு அசையாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அசையாத வாயு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருப்பதும் இதே பாலியூரித்தேன் நுரைதான். 50 மி.மீ. நுரை தடுக்கிற வெப்பத்தைக் காங்கிரீட்டை வைத்துத் தடுக்க வேண்டுமானால் பத்தடி கனத்துக்குப் போட வேண்டும். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் தலையில் கக்கும். ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். பேனல் அப்படிச் சேமித்து வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். மழை பெய்தால் தகரக் கொட்டகை மாதிரி காதைப் பிளக்கும் சத்தமும் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் மலைக்கோட்டைப் பாறை கொதித்து அந்தக் கொதிப்பு ஊருக்குள் இறங்கும்போது, மாடி வீட்டில் இருக்கிறவர்கள் இதற்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் கிடையாது.

ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தவள் நான். கூரை என்றால் எனக்கு வேறு சில ஞாபகங்கள் வருகின்றன.

1986-இல் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு முதல் வேலை. ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு வகுப்பு, மீதி மூன்று வகுப்பும் கீற்றுக் கொட்டகையில். என்ன குளிர்ச்சி தெரியுமா! மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே தார் உருகும், உள்ளே பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அவ்வப்போது தேள் விழும். குருவி கூடு கட்டும், குஞ்சு பொரித்தால் அன்றைக்கு அறிவியல் பாடம் அதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் பெற்றோர்களே வண்டியில் கீற்று கொண்டுவந்து மாற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கொட்டகை தீப்பிடிக்கும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. ஒட்டினாற்போலத்தான் சத்துணவு அடுப்பு எரியும்.

2004-ஆம் வருஷம் பிறந்ததும் ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எரிந்தது. மொட்டை மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல். மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். அடுத்த ஆறு மாதத்தில், ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். குறுகலான படி, உள்ளே புகை, மேலிருந்து எரிந்து விழும் கூரை. அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நான் எழுந்து போய் எங்கள் பள்ளிக் கொட்டகையில் நின்று, அதற்கு எத்தனை வாசல் என்று எண்ணினேன். ஒன்று.

அதன்பிறகுதான் அரசு உத்தரவு வந்தது, மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கீற்றை இறக்கினார்கள். நாங்கள் உத்தரவு வருவதற்கு முன்பே இறக்கிவிட்டோம். ஊர்க்காரர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரித்துப் போட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தீப்பிடிக்காது, சரி. ஆனால் சித்திரை மாதம் அதற்குக் கீழே உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்த்தான் பாடம் நடத்தினேன். அந்த ஷீட்டின் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. (இப்போது பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றிவிட்டுப் பேனல் போடுகிறவர்கள் அதைச் சுத்தியலால் அடித்து உடைத்துத் தள்ளாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.)

தீப்பிடிக்கிற கூரையை இறக்கி, கொதிக்கிற கூரையை ஏற்றினோம். இப்போது கொதிக்காத கூரை வந்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அது மறுபடியும் தீப்பிடிக்கிற கூரையா?

அதற்குப் பதில் தகட்டில் இல்லை, நடுவில் இருக்கிற பூரணத்தில் இருக்கிறது. நம் ஊரில் மூன்று வகை கிடைக்கிறது. விலை குறைந்தது தெர்மாகோல். டி.வி. பெட்டிக்குள் வருமே, அதேதான். அடுத்தது பஃப் என்கிற பாலியூரித்தேன் நுரை, இளமஞ்சள் நிறம். அதன் தம்பி பி.ஐ.ஆர்., தீயைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மூன்றாவது ராக் ஊல். எரிமலைப் பாறையை ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருக்கிப் பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மாதிரி நாராகச் சுற்றி எடுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே பேனல்தான். கடையில் மூன்றுக்கும் "பஃப்" என்றே பெயர் சொல்லி விற்கிறவர்களும் உண்டு. என் மாணவன் தான் போட்டிருப்பது பஃப் என்றே நம்பிக்கொண்டிருந்தான். ஓரத்தில் வெட்டிய முனையை நான் நகத்தால் சுரண்டினேன். வெள்ளை வெள்ளையாக மணி மணியாக உதிர்ந்தது. தெர்மாகோல்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம், செய்துகாட்டு என்பது. பழனி ரோட்டில் பேனல் வேலை எடுத்துச் செய்யும் இன்னொரு மாணவனிடம் மூன்றிலும் உள்ளங்கையளவு துண்டு வாங்கினேன். கொல்லைப்புறத்தில் ஒரு பழைய ஓட்டின் மேல் வைத்து, வாளியில் தண்ணீரும் வைத்துக்கொண்டு, நீளமான குச்சியில் நெருப்பு காட்டினேன். நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல. தெர்மாகோல் தீ தொடுமுன்னேயே சுருங்கி இளகியது, பிறகு பற்றியது, எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக விழுந்தது. கரும்புகை. பஃப் துண்டு சொட்டவில்லை. பற்றி, மேலெல்லாம் கரியாகி, குச்சியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் எரிந்தது. புகையோ மூன்று வீட்டுக்குப் போனது, பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து என்ன டீச்சர் என்றார். ராக் ஊலில் ஏதோ பசை கருகின வாடை வந்தது, ஓரம் கறுத்தது, அவ்வளவுதான். கடையில் தருகிற பேனலில் தீயை மட்டுப்படுத்தும் மருந்து சேர்த்திருப்பார்கள் என்பது உண்மை. அந்த மருந்து சின்னத் தீயில் நேரம் வாங்கித் தரும். பெருந்தீயில் எரியாமலே இருக்கச் செய்யாது.

பஃப் எரியும்போது வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கிறது. சயனைடு என்றால் உங்களுக்கே தெரியும். தீ விபத்துகளில் முதலில் ஆளைச் சாய்ப்பது நெருப்பல்ல, புகை. இது திண்டுக்கல்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. 2024 டிசம்பர் 12 ராத்திரி நம் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே தூக்கி வந்தும் ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே பேனல் காரணம் என்று நான் சொல்லவில்லை. புகை எவ்வளவு வேகம் என்பதற்குச் சொல்கிறேன்.

பேனலின், நுரையின் கதை தெரிய வேண்டுமானால் தென்கொரியாவைப் பாருங்கள். இச்சியோன் என்று ஒரு ஊர். 2008 ஜனவரியில் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் 40 தொழிலாளர்கள் இறந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2020 ஏப்ரலில், அதே ஊரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கிடங்கில் 38 பேர். இரண்டிலும் யூரித்தேன் நுரை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அதிகாலையில் எரிந்ததே, 72 பேர் இறந்தார்களே, அங்கேயும் வெளிச்சுவரில் இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பாலித்தீன், அதற்குப் பின்னால் நுரை. ஒரு வீட்டு அடுக்களையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொடங்கிய தீ. பணக்கார நாடு, சட்டம் இருக்கிற நாடு, தீயணைப்பு வண்டி சில நிமிஷத்தில் வருகிற நாடு.

"டீச்சர், ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு இருக்கே, எப்படி உள்ள தீ போகும்?" என்று கேட்டான் பிள்ளை. நல்ல கேள்வி, மதிக்கிறேன். தகடு எரியாதுதான். ஆனால் தகடு சுடும். தோசைக்கல்லும் எரிவதில்லை, மேலே இருக்கிற மாவு வெந்துவிடுகிறது அல்லவா? தகட்டின் ஒரு பக்கம் சூடு ஏறினால் மறுபக்கத்து நுரை இளகும், தகட்டை விட்டுப் பிரியும். தவிர, அவன் கூரையில் நான் எண்ணிய ஓட்டைகள்: ஏ.சி. குழாய்க்கு இரண்டு, லைட்டுக்கு எட்டு, ஃபேன் கொக்கிக்கு நான்கு, கேமராவுக்கு ஒன்று. எல்லாமே நுரையைக் குடைந்து போனவை. வயர் பைப்புக்குள்கூட இல்லை, நுரைக்குள்ளேயே வெறுமனே ஓடுகிறது. அங்கே ஒரு பொறி விழுந்தால் தீ தகட்டுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு நகரும். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால், எந்தத் தகடு மழையைத் தடுக்கிறதோ அதே தகடு அந்தத் தண்ணீரையும் தடுக்கும்.

இனி அவன் மாடிக்கு வருகிறேன். ஒரு பேட்சுக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள். சாயங்காலம் மூன்று பேட்ச். கூரை மட்டுமல்ல, நாலு சுவரும் அதே பேனல். ஏ.சி. குளிர்ச்சி போகக்கூடாது என்று ஜன்னல்களுக்குக் கண்ணாடி வைத்து மூடியாகிவிட்டது. கீழே இறங்க ஒரே படி. அது வீட்டுக்குள் இறங்குகிறது, அடுப்படி வாசலை ஒட்டி. அந்த அடுப்படியில் கேஸ் சிலிண்டர் இரண்டு.

நான் அந்தப் படியின் நடுவில் நின்று பார்த்தேன். எனக்கு 2004 ஞாபகம்தான் வந்தது. இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கீற்றுக் கொட்டகையும் பெரிதுபடுத்தத் தகுந்த விஷயமாக யாருக்கும் தெரியவில்லை, 94 பெயர் எழுதும் வரைக்கும்.

சரி, என்னதான் செய்வது? வேண்டாம் வேண்டாம் என்று மட்டும் சொல்கிற கிழவி என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

பிள்ளைகள் உட்காருகிற இடம், படுத்துத் தூங்குகிற இடம், சமைக்கிற இடம், இந்த மூன்றுக்கும் மேலே எரிகிற நுரை கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. போட்டே ஆக வேண்டுமானால் ராக் ஊல். அதிலும் சங்கடங்கள் உண்டு, மறைக்க மாட்டேன். விலை கூடுதல். நுரையைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், அதனால் இரும்புச் சட்டமும் பலமாக வேண்டும். வெயிலைத் தடுப்பதில் பஃப் அளவுக்கு வராது, பஃப் 50 போதும் என்கிற இடத்தில் இதற்கு 80, 100 தேவைப்படும். தண்ணீர் உள்ளே போனால் பஞ்சு நனைந்து வேலைக்காகாமல் போகும். இவ்வளவும் இருந்தும் அதைத்தான் சொல்வேன். காய்கறிக்கும் பூவுக்கும் குளிர்பதன அறை கட்டுகிறவர்கள் பஃப் போடட்டும், அங்கே ராத்திரி தூங்குவது கத்தரிக்காய். மொட்டை மாடியில் துணி காயப்போடவும் வடாம் காயவைக்கவும் நாலு பக்கமும் திறந்த கொட்டகை என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தையல் யூனிட் கேட்ட பெண்ணே, உன்னிடம் துணி மூட்டை இருக்கிறது, அயர்ன் பாக்ஸ் இருக்கிறது. நீயும் ராக் ஊல் பக்கமே வா. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் இடம் பார்.

என் தம்பி மகனுக்கு நான் சொல்வது வேறு. உனக்கு மாடியில் இன்னொரு அறை தேவையா, அல்லது கீழ் அறையில் ராத்திரி தூக்கம் வந்தால் போதுமா? இரண்டாவதுதான் என்றால் பேனலே வேண்டாம். உன் வீட்டுத் தளத்தின் மேல் ஒன்றுமே போடவில்லை, வெறும் காங்கிரீட். மேஸ்திரி மிச்சம் பிடித்துவிட்டார், நீயும் கேட்கவில்லை. நம் தாத்தா வீட்டு மச்சில் என்ன இருந்தது என்று உன் அப்பாவைக் கேள். காங்கிரீட்டுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போடுவார்கள். இரண்டரைப் பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டே போவார்கள். ஒருநாள் இரண்டுநாள் வேலையில்லை, கட்டை பட்டுத் துள்ளுகிற வரைக்கும் தட்ட வேண்டும். தெருவெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். பாட்டும் உண்டு. அதற்கு மேலே தட்டோடு பதித்து, மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்து முடிப்பார்கள். செங்கல் ஜல்லி காங்கிரீட்டைப் போல வெப்பத்தைக் கடத்தாது, எரியவும் எரியாது. இன்றைக்குக் கட்டை போட்டுத் தட்ட ஆள் கிடைக்காது என்பாய். சரி, வெதரிங் கோர்ஸ் என்று கேட்டால் இப்போதும் போடுகிறார்கள். மேலே வெள்ளைத் தட்டோடு பதி. அதற்கும் பணம் இல்லையென்றால் வருஷாவருஷம் மாசி மாதத்தில் தளம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடி. எங்கள் வீட்டு மாடியில் பாதிக்கு அடித்து, பாதியை விட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். வெள்ளையில் நின்று பேசலாம். அடிக்காத பக்கம் குதிக்க வேண்டும்.

பேனலைப் போட்டுவிட்டவர்களும் போடத்தான் போகிறவர்களும் இருப்பீர்கள். மழை ஒழுகாமல் இருக்கப் பழனி ரோடு மாணவன் சொன்ன சில விஷயங்களை எழுதிவிடுகிறேன். பேனலில் ஒழுகுவது எப்போதும் தகட்டில் இல்லை, திருகில்தான். திருகை மேட்டில் முடுக்க வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் முடுக்கக்கூடாது. ரப்பர் வாஷர் இல்லாமல் முடுக்கினால் அடுத்த மழைக்கே தெரிந்துவிடும். ரொம்ப முடுக்கினால் வாஷர் நசுங்கிப் பிதுங்கும், அதுவும் ஒழுகும். ஒரு பேனல் அடுத்த பேனலின் மேல் ஏறுகிற இடம் காற்று வருகிற திசையைப் பார்த்துத் திறந்திருக்கக்கூடாது. நமக்கு ஆடிக்காற்று மேற்கிலிருந்து பாய்கிறது. ஆகவே கிழக்கு முனையில் ஆரம்பித்து மேற்கு நோக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை கிழக்குக் காற்றோடு வருமே என்று நான் மடக்கினேன். "அதுக்குத்தான் டீச்சர் நடுவுல டேப் ஒட்டறது" என்றான். சந்தோஷமாக இருந்தது. நன்றாகத் தெரிந்துதான் வேலை செய்கிறான். வெட்டிய முனைகளைத் தகடு மடித்து மூட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் அணிலும் நுரைக்குள் குடியேறும், மழையும் உள்ளே போகும். சுவருக்கு வெளியே தாழ்வாரம் மாதிரி நீளமாக நீட்டி விடாதீர்கள், காற்று அடியில் புகுந்து தூக்கும். 2018 நவம்பரில் கஜா டெல்டாவைப் புரட்டிப்போட்டுவிட்டு நம் மாவட்டத்து வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது. அந்த நினைப்பில் போல்ட் போடுங்கள்.

வாங்கும் முன்னால் ஒரு துண்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி வாங்குங்கள். வெறுமனே "பஃப் பேனல்" என்று இருந்தால் ஏற்காதீர்கள். எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். வயரைக் குழாய்க்குள் விட்டு, கூரைக்குக் கீழே வெளியில் ஓட்டுங்கள், அழகு கெட்டால் கெட்டுப் போகட்டும். வெல்டிங் வேலை எல்லாம் பேனல் ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

கடைசியாக உனக்கு, தம்பி. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இரண்டு வாரமாக என் போனை எடுக்கவில்லை, பரவாயில்லை. கடன் வாங்கிப் போட்ட கொட்டகை, பிரித்துப் போடு என்று சொல்வது எனக்கு எளிது, உனக்கு இல்லை என்பது எனக்குப் புரிகிறது. முழுவதையும் இன்றைக்கே பிரிக்கச் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் பேனலை முதலில் எடுத்துவிட்டு மூன்றடி செங்கல் சுவரும் மேலே ஜன்னலும் வை, கதவைத் திறந்தே வைத்து ஃபேன் போட்டு நடத்து. வயரை வெளியே எடு. சிலிண்டர்களைப் படிப் பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்று. கூரை அடுத்த கோடைக்குள் மாறட்டும். பழைய பேனலை என்ன செய்வது என்று யோசிக்காதே, உன் மாமாவின் ஆட்டுக் கொட்டகைக்கு மேலேயும் வேண்டாம், ஆடும் உயிர்தான். பழனி ரோட்டுக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான், நான் கேட்டுவிட்டேன்.

இதில் தள்ளிப்போட முடியாதது ஒன்று இருக்கிறது. இரண்டாவது படி. வெளிப்பக்கமாக இறங்குகிற இரும்புப் படி. அது இல்லாமல் அடுத்த திங்கட்கிழமை பேட்சை மேலே ஏற்றாதே, கீழ்த் திண்ணையிலேயே நடத்து. படிச் செலவில் பாதி என் பென்ஷனில் தருகிறேன், வட்டி கிடையாது, பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் ஒப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். அளவு டேப் எடுத்துக்கொண்டு வா. உன் வீட்டு வடக்குச் சுவரில் எங்கே இறக்கினால் சந்துக்குத் தடங்கல் இல்லாமல் இறங்கும் என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உன் அம்மா கேட்டார்கள் என்றால் சொல், குத்துவிளக்கை நான் துலக்கித்தான் வைத்திருக்கிறேன்.